படைப்பின் தூண்கள்: கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அகச்சிவப்பிலும்

ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தையும், அதே இடத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: ஒரே பொருள் மூன்று படங்களில் மூன்று விதமாக இருப்பது ஏன், அவற்றில் எது உண்மையான தோற்றம், வெப்பின் இரண்டாவது படத்தில் விண்மீன்கள் எங்கே போயின, வெப் வந்துவிட்ட பிறகு பழைய படத்தால் என்ன பயன். சுருக்கமான பதில் இது. முதல் படம் முகிலின் ஒளிரும் மேற்பரப்பைக் காட்டுகிறது. இரண்டாவது படம் முகிலுக்குள்ளும் அதற்குப் பின்னாலும் இருக்கும் விண்மீன்களைக் காட்டுகிறது. மூன்றாவது படம் தூசையே காட்டுகிறது. இடம் ஒன்றுதான், ஆனால் அந்த இடத்திலிருந்து புறப்பட்டு நம்மை வந்தடையும் ஒளி ஒன்றல்ல. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இணையத்தில் இந்தப் படங்களோடு சுற்றிவரும் விளக்கங்களில் பாதி உண்மையும் பாதி மிகையும் கலந்திருக்கின்றன.

முதலில் பொருளைப் பற்றி. சர்ப்பம் என்னும் விண்மீன் குழுவில், தனுசுக்குச் சற்று வடக்கே, கழுகு நெபுலா என்னும் பெரிய வாயு, தூசு முகில் இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியே 1764இல் தம் பட்டியலில் பதினாறாவதாகக் குறித்துவைத்த பொருள் இது. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நெபுலாவின் நடுவே, பிறந்து இருபது இலட்சம் ஆண்டுகூட ஆகியிராத ஓர் இளம் விண்மீன் கொத்து உள்ளது. அக்கொத்தின் மிகப் பெரிய விண்மீன்கள் சூரியனைவிடப் பல மடங்கு வெப்பமானவை. அவற்றின் ஒளியில் பெரும்பகுதி புற ஊதாக் கதிராகவே வெளிப்படுகிறது. அந்தக் கதிர் சுற்றியிருந்த வாயுவையெல்லாம் அரித்துக்கொண்டே போனபோது, அடர்த்தி மிகுந்திருந்த சில இடங்கள் மட்டும் கரையாமல் எஞ்சின. அந்த அடர்ந்த தலைகளின் நிழலில் இருந்த வாயுவும் தப்பியது. மண்மேட்டில் மழை பெய்யும்போது, ஒரு கல்லின் அடியிலிருக்கும் மண் மட்டும் கரையாமல் சிறு தூணாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே விதத்தில்தான் இந்தத் தூண்களும் உருவாயின. மிக உயரமான தூணின் நீளம் சுமார் 4 ஒளியாண்டு, அதாவது சூரியனுக்கும் அதற்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்கும் இடைப்பட்ட தொலைவுக்கு ஏறக்குறைய சமம்.

1995 ஏப்ரல் 1 அன்று, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹப்பிளைக் கொண்டு எடுத்த படமே இத்தூண்களுக்குப் புகழைத் தேடித்தந்தது. அந்தப் படம் மூன்று குறுகிய வடிகட்டிகளின் வழியே எடுக்கப்பட்டது. ஒவ்வொரு வடிகட்டியும் ஒரே ஒரு தனிமம் உமிழும் ஒளியை மட்டும் உள்ளே விட்டது: கந்தகத்தின் 673 நானோமீட்டர் ஒளி, ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளி, ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் ஒளி. இவை மூன்றும் சாதாரண வாயுவிலிருந்து வருவதில்லை. புற ஊதாக் கதிர் பட்டு எலக்ட்ரானை இழந்த, அதாவது அயனியாக்கப்பட்ட வாயுவிலிருந்து மட்டுமே வரும். ஆகவே அந்தப் படத்தில் நாம் காண்பது கதிரும் முகிலும் மோதும் எல்லைப் பரப்பு. தூண்களின் விளிம்பு கோடிழுத்ததுபோல் ஒளிர்வது இதனால்தான். அந்த மெல்லிய பரப்பு சூடேறி, தூணிலிருந்து செங்குத்தாக ஆவிபோல் வெளியேறுவதையும் படத்தில் காணலாம். தூணின் ஓரத்தில் வெளிநோக்கி மயிர்க்கால்கள் போல் நீண்டிருக்கும் மெல்லிய இழைகள் அவைதாம். தூணின் உட்பகுதியோ பழுப்பும் கறுப்புமாக இருண்டு கிடக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அங்குள்ள தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியை முற்றிலும் தடுத்துவிடுகிறது.

தூசு என்று சொல்லும்போது நம் வீட்டு அலமாரியில் படியும் தூசை நினைத்துக்கொள்ளக் கூடாது. விண்மீன்களுக்கிடையேயுள்ள தூசுத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவேயுள்ள கரி, சிலிக்கேட் துகள்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான், துகளின் அளவுக்கு நெருங்கிய அலைநீளம் என்பதால் அந்த ஒளி துகளில் பட்டுச் சிதறுகிறது, உறிஞ்சப்படுகிறது. அலைநீளம் கூடக்கூடத் துகள் அந்த அலைக்குப் பொருட்டாகவே இருப்பதில்லை. எண்களில் சொன்னால் வேறுபாட்டின் அளவு புரியும். ஒரு விண்மீனுக்கும் நமக்கும் இடையிலுள்ள தூசு, அந்த விண்மீனின் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தூசு, அதே விண்மீனின் 2.2 மைக்ரான் ஒளியை, அதாவது சிவப்பைவிட நீண்ட அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக மட்டுமே குறைக்கும். ஒன்றில் விண்மீன் அடியோடு மறைந்துபோகும்; மற்றொன்றில் சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லவேண்டியிருக்கிறது. அகச்சிவப்புக் கேமரா மூடுபனிக்குள் பார்ப்பதுபோல் நெபுலாவுக்குள் பார்க்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். ஒப்புமை பொருந்தவில்லை. மூடுபனியின் நீர்த்துளிகள் பல மைக்ரான் அளவுள்ளவை. அவை அகச்சிவப்பையும் நன்றாகவே தடுக்கும். விறகடுப்புப் புகையோ ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்களால் ஆனது. தீயணைப்பு வீரர்கள் புகை சூழ்ந்த அறைக்குள் வெப்பக் கேமராவைக் கொண்டு உள்ளே கிடப்பவரைக் கண்டுபிடிப்பதற்குக் காரணமும் இதுவே. நெபுலாவின் தூசுக்குப் பொருத்தமான ஒப்புமை புகைதான்.

இனி ஒப்பிடும் முறையைப் பற்றி. ஹப்பிள் படத்தையும் வெப் படத்தையும் நேரடியாக ஒப்பிடும்போது ஒரே நேரத்தில் பல மாறிவிடுகின்றன: கண்ணாடியின் அளவு மாறுகிறது, கருவி மாறுகிறது, அலைநீளம் மாறுகிறது, படத்துக்கு நிறம் கொடுத்தவர்களின் தேர்வும் மாறுகிறது. எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எனவே யாராவது என்னிடம் கேட்டால், முதலில் ஹப்பிள் 2014இல் எடுத்து 2015 ஜனவரியில் வெளியிடப்பட்ட இரண்டு படங்களைப் பார்க்கச் சொல்வேன். அவை இரண்டும் ஒரே தொலைநோக்கியில், ஒரே கருவியால் எடுக்கப்பட்டவை. ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியில், மற்றொன்று 1.1, 1.6 மைக்ரான் அகச்சிவப்பில். கண்ணாடி மாறவில்லை, ஒளிதான் மாறியிருக்கிறது. முதல் படத்தில் பாறைபோல் திண்மையாக நிற்கும் தூண்கள், இரண்டாவதில் அடியோடு தளர்ந்து, மெல்லிய புகைச்சுருளின் நிழலாகிவிடுகின்றன. அவற்றின் ஊடே நூற்றுக்கணக்கான விண்மீன்கள் தெரிகின்றன. தூணின் தலைப்பகுதி மட்டும் இருளாகவே எஞ்சி நிற்கிறது. இதிலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: தூணின் உடல் பெரும்பாலும் மெல்லியது, தலைதான் அடர்ந்தது. நிழலில் தப்பிய வாயுவே உடல் என்று மேலே சொன்ன விளக்கத்தை இந்த இரண்டு படங்களும் கண்முன் நிறுத்துகின்றன.

கண்ணுக்குத் தெரியும் ஒளி ஒரு கேள்வியை எழுப்ப, அகச்சிவப்பு அதற்கு விடை சொன்ன வரலாறு ஒன்று இந்தத் தூண்களுக்கே உண்டு. இந்த இரு ஒளிகளின் உறவை விளக்க அதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. 1995 படத்தைக் கூர்ந்து பார்த்தால், தூண்களின் மேற்பரப்பில் விரல்நுனிகள்போலச் சிறு சிறு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். சில முனைகள் தூணோடு ஒரு மெல்லிய காம்பால் மட்டுமே ஒட்டியிருக்கும். சில முற்றிலும் பிரிந்து தனியே மிதக்கும். பார்வைக்குச் சிறியவையாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் நம் சூரியக் குடும்பத்தைவிடச் சற்றுப் பெரியது. ஹெஸ்டர் குழுவினர் இவற்றுக்கு ‘ஆவியாகும் வாயு உருண்டைகள்’ என்று பெயரிட்டனர். அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் முட்டை என்று பொருள்படும் சொல் வரும். பெயர் பொருத்தமாகவே அமைந்தது, ஏனெனில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு விண்மீன் கருக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. புற ஊதாக் கதிர் சுற்றியுள்ள வாயுவை அரித்து முட்டையின் ஓட்டை உடைக்கும்போது, உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் விண்மீனுக்கு மேற்கொண்டு உணவு கிடைக்காமல் போய்விடும். அதன் இறுதி நிறை அந்த நேரத்திலேயே முடிவாகிவிடும். விண்மீன்களின் நிறை எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்னும் பெரிய கேள்விக்கு இது ஒரு புதிய விடையாக இருந்தது.

ஆனால் 1995 படத்தைக் கொண்டு அந்தக் கருத்தைச் சோதிக்க முடியாது. முட்டையின் ஓடுதான் அதில் தெரிகிறது; உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று தெரியாது. மார்க் மெக்காக்ரியனும் மார்ட்டென் ஆண்டர்சனும் சிலி நாட்டிலுள்ள 8.2 மீட்டர் வெரி லார்ஜ் தொலைநோக்கியால் அண்மை அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அடுத்துள்ள அகச்சிவப்பில், அதே இடத்தைப் படமெடுத்து, ஹெஸ்டர் குழு பட்டியலிட்ட 73 உருண்டைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தனர். 2002இல் வெளியான அவர்களது முடிவின்படி, 11 உருண்டைகளில், அதாவது ஏறத்தாழ 15 சதவீதத்தில் மட்டுமே, இளம் விண்மீன் இருப்பதற்கான அடையாளம் தென்பட்டது. பெரும்பாலான முட்டைகள் வெறும் முட்டைகள். அதே சமயம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எதுவுமே தெரியாத இரண்டு தூண்களின் தலைகளுக்குள் இளம் விண்மீன்கள் இருப்பதும் வெளிப்பட்டது. இந்த ஆய்வில் இரண்டு படங்களும் இன்றியமையாதவை என்பதைக் கவனியுங்கள். அகச்சிவப்புப் படத்தில் உருண்டைகளின் ஓரங்கள் தெளிவாக இல்லை. எந்தப் புள்ளி எந்த உருண்டைக்குள் இருக்கிறது என்று சொல்வதற்கு 1995 படம்தான் வரைபடமாக அமைந்தது. ஒரு படத்தை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் 73 என்ற எண்ணும் 11 என்ற எண்ணும் சேர்ந்து பொருள் தந்தன.

இப்போது வெப்புக்கு வருவோம். அதன் அண்மை அகச்சிவப்புக் கேமரா எடுத்த படம் 2022 அக்டோபர் 19 அன்றும், அதைவிட நீண்ட அலைநீளங்களுக்கான நடு அகச்சிவப்புக் கருவி எடுத்த படம் அக்டோபர் 28 அன்றும் வெளியாயின. உங்கள் கேள்வியிலுள்ள இரண்டு வெப் படங்களும் இவையே.

அண்மை அகச்சிவப்புப் படம் 0.9 மைக்ரானிலிருந்து 4.7 மைக்ரான் வரை ஆறு வடிகட்டிகளில் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஒரு நோக்கம் உண்டு. 1.87 மைக்ரான் வடிகட்டி அயனியாக்கப்பட்ட ஹைட்ரஜனைத் தேடுகிறது; ஹப்பிளின் 656 நானோமீட்டர் வடிகட்டிக்கு அகச்சிவப்பில் ஈடானது என்று இதைச் சொல்லலாம். 4.7 மைக்ரான் வடிகட்டி, அதிர்ச்சி அலையால் சூடேறிய ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தேடுகிறது. இந்தக் கடைசி வடிகட்டியைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனெனில் வெப் படத்தின் மிகச் சிறந்த காட்சி அதன் வழியாகவே கிடைத்தது. மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது தூண்களின் விளிம்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். எரிமலைக் குழம்பு வழிவதுபோல் அடர்சிவப்பு நிறத்தில் நெளியும் கோடுகள் தெரியும். தூணுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் விண்மீன்கள் அவ்வப்போது ஒலியைவிட மிகுந்த வேகத்தில் பொருளைப் பீறிட்டு வெளியேற்றுகின்றன. அந்தப் பீச்சு சுற்றியுள்ள முகிலில் மோதும் இடமே அந்தச் சிவப்புக் கோடு. அதே இடத்தை ஹப்பிளின் 1995 படத்தில் தேடிப் பாருங்கள். பழுப்பு நிற விளிம்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் அங்கே இருக்காது. அந்த விண்மீன்கள் சில இலட்சம் ஆண்டு வயதே ஆனவை என்று மதிப்பிடப்படுகிறது.

அகச்சிவப்பில் தூண்கள் கண்ணாடிபோல் ஆகிவிடுகின்றன என்று கருதுவது தவறு. தலைப்பகுதிகள் வெப் படத்திலும் ஒளியை மறைக்கின்றன. தூணின் மேல் தெரியும் புள்ளிகள் எல்லாம் தூணுக்குள் பிறந்த விண்மீன்கள் என்று கொள்வதும் தவறு. அவற்றில் பல, தூணுக்கு வெகு தொலைவில் பின்னால் இருக்கும் சாதாரண விண்மீன்கள். தூணுக்குள் இருப்பவற்றை அவற்றின் மிகுந்த செந்நிறத்தாலும், சுற்றியுள்ள தூசின் வெப்ப ஒளியாலும், பீச்சுகளாலும்தான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வெப்பின் பிற படங்கள் பலவற்றில் பின்னணியெங்கும் தொலைதூர விண்மீன் மண்டலங்கள் சிதறிக் கிடக்க, இந்தப் படத்தில் அவை தென்படாததையும் நீங்கள் கவனித்திருக்கலாம். நாம் பார்க்கும் திசை பால்வழியின் தட்டு வழியே நெடுந்தொலைவு செல்கிறது; அந்த வழியிலுள்ள வாயுவும் தூசும் ஒரு திரைபோல் அமைந்து அப்பாலுள்ள மண்டலங்களை மறைத்துவிடுகின்றன. வெப்பாலும் ஊடுருவ முடியாத தூசு உண்டு என்பதற்கு இந்தப் படமே சான்று.

விண்மீன்கள் எங்கே போயின என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை வெப்பநிலையில் இருக்கிறது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப ஓர் அலைநீளத்தில் மிகுதியாக ஒளிரும்; 2,898 என்ற எண்ணைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அந்த அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். 5,800 கெல்வின் வெப்பமுள்ள சூரியனுக்கு அது அரை மைக்ரான். 300 கெல்வினில் இருக்கும் நம் உடலுக்கும் இளம் விண்மீனைச் சூழ்ந்த வெதுவெதுப்பான தூசுக்கும் ஏறத்தாழ 10 மைக்ரான். 30 கெல்வினில் உறைந்திருக்கும் முகிலின் உட்பகுதிக்கு ஏறத்தாழ 100 மைக்ரான். நடு அகச்சிவப்புப் படம் 7.7, 11.3, 15 மைக்ரான் அலைநீளங்களில் எடுக்கப்பட்டது. சாதாரண விண்மீன்கள் தம் உச்சத்தை வெகு முன்னதாகவே தாண்டி, இந்த அலைநீளங்களில் மிகவும் மங்கிவிடுகின்றன. தூசோ இங்கேதான் தன் சொந்த ஒளியில் ஒளிரத் தொடங்குகிறது. அண்மை அகச்சிவப்பில் திரையாக இருந்த தூசு, நடு அகச்சிவப்பில் விளக்காகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான விண்மீன்கள் காணாமல்போக, இன்னும் தூசுப் போர்வையைக் களையாத இளம் விண்மீன்கள் மட்டும் தூண்களின் ஓரங்களில் செம்புள்ளிகளாகத் தெரிவது இதனால்தான்.

இந்தப் படத்துக்காகத் தேர்ந்தெடுத்த அலைநீளங்களில் இரண்டு, 7.7உம் 11.3உம், தற்செயலானவை அல்ல. கரி அணுக்கள் அறுகோண வளையங்களாக இணைந்த ஒருவகை ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் விண்வெளியில் ஏராளமாக உள்ளன. நம் அடுப்புக்கரியிலும் வாகனப் புகையிலும் உள்ள அதே வகை மூலக்கூறுகள். அவை ஒரு புற ஊதா ஒளித்துகளை விழுங்கியவுடன் அதிர்ந்து, சரியாக இந்த அலைநீளங்களில் ஒளியை உமிழ்கின்றன. ஆகவே 6,500 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கரிப்புகையின் படம் என்று இதைச் சொன்னாலும் மிகையாகாது. மிக அடர்ந்த தூசு இந்தப் படத்திலும் கரும்சாம்பல் நிறமாகவே இருக்கிறது, ஏனெனில் அது இன்னும் குளிர்ந்தது. அதன் சொந்த ஒளியைப் பார்க்க நூறு மைக்ரானை எட்டவேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹெர்ஷல் தொலைநோக்கி அந்த அலைநீளங்களில் கழுகு நெபுலாவைப் படமெடுத்திருக்கிறது.

நடு அகச்சிவப்புப் படம் மற்றவற்றைவிடச் சற்று மழுங்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம், அலைநீளத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுப்பதைப் பொறுத்தது. ஹப்பிளின் 2.4 மீட்டர் கண்ணாடி 0.6 மைக்ரானில் சுமார் 0.06 ஆர்க் வினாடியைப் (ஒரு ஆர்க் வினாடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) பிரித்துக் காட்டும். வெப்பின் 6.5 மீட்டர் கண்ணாடி 2 மைக்ரானில் சுமார் 0.08 ஆர்க் வினாடி, ஆனால் 15 மைக்ரானில் சுமார் 0.6 ஆர்க் வினாடி. வெப் கண்ணாடி அவ்வளவு பெரிதாக இருப்பது ஹப்பிளைவிடப் பன்மடங்கு கூர்மையாகப் பார்ப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அண்மை அகச்சிவப்பில் ஹப்பிளின் பழைய கூர்மையை எட்டுவதற்கே அவ்வளவு பெரிய கண்ணாடி தேவைப்பட்டது. மங்கலான ஒளியைச் சேகரிக்கும் திறன் கூடியது வேறு செய்தி.

குளிரும் அதே அளவு இன்றியமையாதது. ஹப்பிளின் கண்ணாடி அறை வெப்பநிலையில் இருக்கிறது, 1.7 மைக்ரானுக்கு மேல் சென்றால் தொலைநோக்கியின் வெப்ப ஒளியே படத்தை விழுங்கத் தொடங்கும். தரையிலிருந்து 10 மைக்ரானில் வானைப் பார்ப்பது பட்டப்பகலில் விண்மீனைத் தேடுவதைப் போன்றது, ஏனெனில் காற்றும் கட்டடமும் கண்ணாடியும் எல்லாமே அந்த அலைநீளத்தில் ஒளிர்கின்றன. அதனால்தான் வெப்பைப் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பி, ஐந்து அடுக்குத் திரையின் நிழலில் நிறுத்தி, நடு அகச்சிவப்புக் கருவியை 7 கெல்வினுக்கும் கீழே தனியாகக் குளிரூட்டியிருக்கிறார்கள்.

எது உண்மையான தோற்றம் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால், நீங்கள் பார்த்த எந்தப் படமும் கண்ணுக்குத் தெரியும் தோற்றம் இல்லை. ஹப்பிளின் படமும் இல்லை. கந்தகத்தின் ஒளியும் ஹைட்ரஜனின் ஒளியும் நம் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்காகக் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்தார்கள். வெப் படங்களில் குறுகிய அலைநீளத்துக்கு நீலமும் நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பும் கொடுக்கப்பட்டுள்ளன. இதைப் பொய் நிறம் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதில்லை. நிலப்படத்தில் மலைக்குப் பழுப்பும் கடலுக்கு நீலமும் கொடுப்பதுபோல, ஒவ்வொரு நிறமும் ஓர் அளவீட்டைக் குறிக்கிறது. குறியீட்டை அறிந்தவருக்கு அது செய்தி. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் கழுகு நெபுலாவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இளம் விண்மீன் கொத்து தெளிவாகத் தெரியும். அதைச் சுற்றி ஒரு சாம்பல் படலம், அதுவும் கண்ணை நேராக வைக்காமல் ஓரமாகப் பார்த்தால் மட்டும். நிறம் கிடையாது, தூண்களும் தெரியாது. மங்கலான ஒளியில் நம் கண்ணின் நிறமுணர் செல்கள் வேலை செய்வதில்லை.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பயன். வெரி லார்ஜ் தொலைநோக்கியின் மியூஸ் என்னும் கருவி, தூண்களின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, வாயு எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அளந்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டியே அமைந்தது. ஒரே வரிசையில் நிற்பதுபோல் தோன்றும் தூண்கள் உண்மையில் முன்னும் பின்னுமாக நிற்கின்றன என்பதும், இடப்பக்கத் தூணின் மேல்முனை விண்மீன் கொத்துக்குப் பின்னால் நம்மை நோக்கி இருப்பதால்தான் அதிக ஒளியோடு தெரிகிறது என்பதும் அதில் தெரியவந்தன. தூண்களின் மொத்த நிறை சூரியனைப்போல் சுமார் 200 மடங்கு. பத்து இலட்சம் ஆண்டுக்குச் சுமார் 70 சூரிய நிறை ஆவியாகிறது. எனவே இன்னும் சுமார் 30 இலட்சம் ஆண்டுக்கு அவை நீடிக்கும் என்று கணக்கிட்டார்கள். இங்கே இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தூண்கள் எப்போதோ ஒரு சூப்பர்நோவாவில், அதாவது ஒரு பெரிய விண்மீனின் இறுதி வெடிப்பில், அழிந்துவிட்டன, அந்த ஒளி இன்னும் நமக்கு வந்துசேரவில்லை என்ற பேச்சு இன்றும் தமிழில் பரவுகிறது. 2007இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்தில் தெரிந்த சூடான தூசை வைத்து முன்வைக்கப்பட்ட கருத்து அது. அப்படியொரு வெடிப்பு நிகழ்ந்திருந்தால் எக்ஸ் கதிரிலும் ரேடியோ அலையிலும் இருந்திருக்கவேண்டிய வலுவான அடையாளங்கள் காணப்படவில்லை. பெரிய விண்மீன்களின் காற்றாலும் அந்தத் தூசு சூடேறியிருக்கலாம். ஒரே ஓர் ஒளியில் மட்டும் பார்த்து முடிவுகட்டினால் இப்படி நேர்வதுண்டு.

பழைய படத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு, அதை எந்தப் புதிய தொலைநோக்கியாலும் ஈடுசெய்ய முடியாது. 1995 படத்தில் ஒரு தூணின் அருகே, இளம் விண்மீன் ஒன்று பீறிட்டதுபோன்ற மெல்லிய கீற்று இருந்தது. 2014 படத்தில் அந்தக் கீற்று நீண்டிருந்தது. 19 ஆண்டுகளில் அது சுமார் 10,000 கோடி கிலோமீட்டர் முன்னேறியிருந்தது. இரண்டு படங்களும் ஒரே வகை ஒளியில், ஒரே தொலைநோக்கியால் எடுக்கப்பட்டவை என்பதால்தான் இந்த ஒப்பீடு இயன்றது. வெப் படத்தின் சிவப்புக் கோடுகளுக்கும் இதே போன்ற அளவீடு வேண்டுமென்றால், அதே 4.7 மைக்ரான் வடிகட்டியில் அந்த இடத்தைப் பல ஆண்டு கழித்து மறுபடியும் படமெடுக்கவேண்டும். அப்போது 2022ஆம் ஆண்டின் படம் முதல் படமாக நிற்கும்.